டாக்டர் ரோகிணியின் புதன்கிழமை பெஞ்ச்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தமிழர் சங்கத் தலைவர் பாலச்சந்திரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் புற்றுநோய் மருத்துவர் ஃபெலிக்ஸ் அவர்களே, ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து சீருடையோடு நேரே வந்திருக்கும் சௌம்யா அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் டாக்டர் ரோகிணியின் கணவர், அருமை நண்பர் உமாசங்கர் அவர்களே, அவருடைய மகள் பூர்ணாவே, குஷாய்குடாவிலிருந்தும் சைனிக்புரியிலிருந்தும் பாலாநகரிலிருந்தும் வேலை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நான் பேசும் தமிழ் பாதி புரியாவிட்டாலும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்கும் தெலுங்கு நண்பர்களே, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் பேச வருகிறவர்கள் "பேச வார்த்தை வரவில்லை" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவார்கள். எனக்கு வார்த்தை வருகிறது. குரல்தான் நடுங்குகிறது. துக்கத்தால் நடுங்குகிறது என்று நீங்கள் பெருந்தன்மையாக நினைத்துக்கொள்வீர்கள். பாதிதான் துக்கம். மீதிப் பாதி பயம். என்ன பயம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் இந்த மேடையை விட்டு இறங்கப்போகிறேன்.

என் பெயர் சந்தானம். எலெக்ட்ரானிக்ஸ் பிளான்ட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெருங்குடலில் புற்று வந்து, ஆபரேஷன் செய்து, கீமோவும் முடித்து, இப்போது கண்காணிப்பில் இருக்கிறவன். கண்காணிப்பு என்பது நல்ல வார்த்தைதான். போலீஸ்காரர் வாசலில் நிற்கிற மாதிரி ஒரு பாதுகாப்பும் உண்டு, ஒரு உதறலும் உண்டு. இந்த அரங்கில் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கை தூக்கச் சொல்லமாட்டேன்.

இந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நிறையப் பேர் வருவார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். புதன்கிழமைதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். ஏன் புதன்கிழமை? டாக்டர் ரோகிணி அவர்களிடம் ஒரு முறையாவது ரிப்போர்ட் வாங்கியவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மேடைக்குக் கீழே, அவருடைய படத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய மரப்பெஞ்ச் கிடக்கிறது பாருங்கள். அலங்காரத்துக்குப் போட்டதென்று நினைத்து யாரோ அதன்மேல் மாலையை வைத்தார்கள், நான்தான் எடுக்கச் சொன்னேன். நம் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், மாடிப்படிக்குக் கீழே, ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் கிடந்த பெஞ்ச் அது. ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருப்பார்கள். போன மாதம் அதை ஸ்டோர் ரூமில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மூன்று பேர் உட்காரும் இரும்பு இருக்கை போட்டுவிட்டார்கள். நேற்று நம் சின்னசாமி தன் பட்டறை டெம்போவில் இந்தப் பெஞ்சை ஏற்றிவந்து இங்கே இறக்கினார். நாற்காலி போதாமல் அவருடைய மனைவி அம்மணி அவர்கள் இப்போது அதில் உட்கார்ந்திருக்கிறார். தொண்டர் ஒருவர் அவரை எழுப்பப் பார்த்தார். வேண்டாம் தம்பி, அது உட்காருவதற்கான பெஞ்ச்.

டாக்டர் ரோகிணி யார்? அவர் ஆபரேஷன் செய்தவர் அல்ல. கீமோ கொடுத்தவர் அல்ல. நாடி பிடித்துப் பார்த்தவரும் அல்ல. அவர் ரத்தத்தைப் படித்தவர். புற்றுக்கட்டிகளில் சில, உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும், ஏதோ ஒரு பொருளை ரத்தத்தில் கசியவிடும். அதை அளந்து பார்ப்பதைத்தான் டியூமர் மார்க்கர் டெஸ்ட் என்கிறார்கள். குடலுக்கு ஒன்று, சூல்பைக்கு ஒன்று, கணையத்துக்கு ஒன்று, ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பிக்கு ஒன்று. வைத்தியத்துக்குப் பிறகு அந்த அளவு இறங்கியதா, இறங்கியது அப்படியே நிற்கிறதா, மெல்ல ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சில மில்லி ரத்தம், ஒரு காகிதம், அதில் ஒரு எண். அந்த ஒரு எண்ணுக்காக நாங்கள் படும் பாடு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ரத்தம் கொடுத்த நாளிலிருந்து சோறு இறங்காது. மனைவி ஏதாவது கேட்டால் எரிந்து விழுவோம். லிஃப்டில் யாராவது "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால், அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டதோ என்று தோன்றும்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த எண் இப்போது போனுக்கே வந்துவிடுகிறது. நம் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். டாக்டர் ரோகிணி ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் போனில் அனுப்புங்கள், மார்க்கர் முடிவை மட்டும் நிறுத்திவையுங்கள், புதன்கிழமை நானே கொடுக்கிறேன் என்றார். கவுண்டர் ஜன்னல் வழியாகவும் கொடுக்கமாட்டார். நாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவர் உள்ளேயிருந்து காகிதத்தோடு வெளியே வருவார். எதிரே நிற்கமாட்டார். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார். நாம் தள்ளுவோம். அவர் பக்கத்தில் உட்காருவார். எதிர்க்கடையிலிருந்து இரானி டீ வரும். அதற்குப் பிறகுதான் காகிதம் பிரியும்.

அவ்வளவுதான் அவருடைய முறை. இதற்கு எந்த மாநாட்டிலும் விருது கொடுக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்து இடம் எத்தனை உயிரைத் தாங்கிப் பிடித்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மதுரைப் பக்கத்துப் பெண், ஐ.டி. வேலைக்காக இங்கே வந்தவள், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயிறு வீங்கி, எடை குறைந்து, வேறொரு இடத்தில் டெஸ்ட் எடுத்தாள். சூல்பை மார்க்கர் பல மடங்கு ஏறியிருந்தது. எண் போனில் வந்தது. இன்டர்நெட்டில் தேடினாள். தேடினால் என்ன வரும்? ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள். கர்ப்பப்பை, சூல்பை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று உறவுக்காரர்களே முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தோடு இந்தப் பெஞ்சுக்கு வந்தாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது ஒரே கேள்வி.

"சாயங்காலமானா ஜுரம் வருதாம்மா?"

"வருது மேடம். வேலை டென்ஷன்னு நினைச்சேன்."

"நக்கோ, வேணவே வேணாம். இந்த நம்பரை வச்சு யாரும் கத்தி எடுக்கக் கூடாது. முதல்ல ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுவோம்."

எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் காசநோய். வயிற்றுக் காசநோயிலும் அந்த மார்க்கர் அப்படி ஏறும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். நேற்று எனக்குப் புனேயிலிருந்து பேசினாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவளும் அழுதாள். குழந்தையைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

என் சிநேகிதன் தியாகு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். உன் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன் தியாகு. பிளான்ட்டில் என்னோடு அளவுகருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன். பிராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு கண்காணிப்பில் இருக்கிறான். ஒரு லேபை நம்பலாமா என்று சந்தேகம் வந்து, ஒரே காலையில் மூன்று லேபில் ரத்தம் கொடுத்து, மூன்று எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்தான். எங்கள் பிளான்ட்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. சராசரி முன்பைவிட ஏறியிருந்தது. முடிந்தது என்று நினைத்துவிட்டான். மனைவியிடம் சொல்லவில்லை. ஸ்கூட்டரை மைத்துனனுக்குக் கொடுத்தான். என் வீட்டுக்கு வந்து, என்னிடமிருந்து இரவல் வாங்கிய டிரில்லிங் மெஷினைத் திருப்பிக் கொடுத்தான். இருபது வருடமாகத் திருப்பாத மெஷின். அவனை வீட்டுக்குப் போகவிடவில்லை. இழுத்துக்கொண்டுபோய்ப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

டாக்டர் மூன்று காகிதத்தையும் பார்த்தார். "தியாகு சார், உங்க பிளான்ட்ல மூணு மீட்டரை வச்சு சராசரி எடுப்பீங்களா?" என்றார்.

"ஹவ், ஆமா டாக்டர். மூணும் ஒரே ஸ்டாண்டர்டுக்குச் சரிபார்த்ததா இருந்தா எடுப்போம்."

"இது மூணும் வேற வேற மெஷின், வேற வேற மருந்து, வேற வேற அளவுகோல். இதைக் கூட்டிப் போட்டா என்ன வரும்?"

தியாகு மூன்று காகிதத்தையும் வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். பிறகு, "ரிஜெக்ட் பண்ணிடுவோம் டாக்டர்" என்றான்.

"அப்ப பண்ணுங்க. எப்பவும் ஒரே லேப், ஒரே மெஷின். அப்பதான் ஏறுதா இறங்குதான்னு தெரியும்."

பழைய லேபில் மட்டும் மறுபடி பார்த்தார்கள். எண் இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்கூட்டர் திரும்பி வந்தது. டிரில்லிங் மெஷினையும் மறுபடி வாங்கிக்கொண்டு போய்விட்டான், இன்னும் தரவில்லை. தரவே வேண்டாம் தியாகு, உன்னிடமே இருக்கட்டும்.

நம் சங்கத் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சங்கத்தின் வெள்ளி விழாவுக்கு, எல்லோருக்கும் இலவசமாக மார்க்கர் டெஸ்ட் எடுக்கலாம் என்று அவர் ஆசைப்பட்டார். நல்ல எண்ணம்தான். டாக்டர் ரோகிணி எழுந்து நின்று, கூடவே கூடாது என்றார். நோய்க்கான அடையாளமே இல்லாதவர்களுக்கு இதை எடுத்தால், சிகரெட் பிடிக்கிறவருக்கு ஒன்று ஏறியிருக்கும், கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி உள்ளவருக்கு ஒன்று ஏறியிருக்கும். புற்று இல்லாத வீடுகளில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும், புற்று இருக்கிறவருக்கு எண் சரியாக இருந்து, அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார் என்றார். தலைவருக்கு அன்று முகம் சுருங்கியது. பிறகு அவரே வீட்டுக்குப் போய் டாக்டருக்கு நன்றி சொன்னார். அது நம் தலைவருக்கும் பெருமை.

இதையெல்லாம் கேட்டால், அந்த டெஸ்டே வேண்டாத வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி நினைத்துவிடாதீர்கள். இதோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அம்மணி அவர்கள். அவருடைய அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். முறைத்துக்கொண்டேதான் அனுமதி கொடுத்தார். அவருக்கும் எனக்கும் ஒரே நோய், ஒரே மார்க்கர். ஆபரேஷன் ஆகி நன்றாக இருந்தார். பாலாநகரில் கணவரின் லேத் பட்டறைக்குப் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் சமைத்துக்கொண்டிருந்தார். எண் மெல்ல ஏறியது. மறுபடி எடுத்தார்கள், இன்னும் ஏறியிருந்தது. ஸ்கேனுக்கு வரச் சொன்னால் வரவில்லை. வலி இல்லை, பசி நன்றாக இருக்கிறது, எதற்கு வர வேண்டும் என்றார். டாக்டர் ரோகிணி ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கே போனார். இரும்புத்தூள் நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அடுப்படியில் அம்மணி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கொண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. நான் நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"நல்லா இருக்கும்போதேதான் அம்மணி போகணும். நீங்க கொழம்பை இறக்கி வைங்க, நான் காத்திருக்கேன்."

குழம்பு இறங்கும்வரை காத்திருந்து கையோடு கூட்டிவந்தார். ஸ்கேனில் கல்லீரலில் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒன்றோடு இருந்ததால் டாக்டர் ஃபெலிக்ஸ் ஏற்பாடு செய்து அதை வெட்டி எடுக்க முடிந்தது. அந்த எண் இல்லையென்றால் அம்மணிக்கு எப்போது தெரிந்திருக்கும்? வலி வந்த பிறகு. வலி வந்த பிறகு என்ன செய்திருக்க முடியும் என்பதை நான் சொல்ல விரும்பவில்லை.

இப்போது, எல்லோரும் தெருவில் பேசுகிறீர்களே, அந்தப் பேச்சுக்கு வருகிறேன். "ஊருக்கெல்லாம் ரத்தம் பார்த்த டாக்டருக்கே புற்றுநோய். அவர் டெஸ்டிலேயே அவருக்கு ஒன்றும் தெரியவில்லையாம். அப்புறம் நமக்கு மட்டும் என்ன தெரியும்?" இதுதானே பேச்சு? காய்கறி வண்டிப் பக்கத்தில் பேசுகிறீர்கள், கோவில் வாசலில் பேசுகிறீர்கள், சர்ச் முடிந்து வெளியே வந்து பேசுகிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. பயந்தவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி கேளுங்கள். உமாசங்கர் அவர்கள் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன்.

சென்ற தீபாவளிக்கு முன்னால் டாக்டருக்கு முதுகு வலி வந்தது. திடீரென்று சர்க்கரை வந்தது. புடவை இடுப்பில் நிற்கவில்லை. அவருக்கே சந்தேகம் வந்து ஸ்கேன் எடுத்தார். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் போயிருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஸ்கேனும் சதைப் பரிசோதனையும். மார்க்கர் டெஸ்ட் அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள், கீமோ வேலை செய்கிறதா என்று பின்தொடர்வதற்காக. இதோ இந்தச் சௌம்யாதான் அதே கூடத்தில், அதே மெஷினில் ஓட்டினார். எண் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மெஷின் கெட்டுவிட்டதென்று நினைத்து இரண்டாவது முறை ஓட்டினார். அப்போதும் இல்லை. சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொன்னார். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தாராம். சில பேருடைய உடம்புக்கு, பிறவியிலேயே, அந்தப் பொருளைச் செய்யத் தெரியாது. உள்ளே நோய் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த எண் ஏறாது. நூறு பேரில் ஐந்து பத்துப் பேர் அப்படி இருக்கிறார்கள். அந்த ஐந்து பத்துப் பேரில் ஒருவராக நம் டாக்டர் ரோகிணி இருந்தார்.

டெஸ்ட் பொய் சொல்லவில்லை. டெஸ்டுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இது உங்களுக்குப் புரிகிறதா? எனக்குப் புரிய நாள் பிடித்தது.

அந்த எண் வந்த அடுத்த நாள் நான் வேறு வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது புதன்கிழமை இல்லை. பெஞ்சில் டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் காகிதம். வெள்ளைக் கோட்டு மடியில். இத்தனை வருடத்தில் அவர் பெஞ்சில் முதலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"டாக்டர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

நிமிர்ந்து பார்த்தார். தள்ளினார். நான் உட்கார்ந்தேன்.

"சார், எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "பேச வேணாம் சார், பேசினா கெடுத்துடுவீங்க. சும்மா உக்காருங்க" என்றார். உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது. ஆறியது. பிறகு அவரே பேசினார்.

"உங்க எல்லாருக்கும் ஒரு நம்பர் இருக்கு சார். நல்லதோ கெட்டதோ, கையில பிடிச்சுக்க ஒண்ணு இருக்கு. எனக்கு அதுவும் இல்ல. மருந்து கேக்குதா இல்லையான்னு அடுத்த ஸ்கேன் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இருட்டுல நடக்கற மாதிரி இருக்கு."

"நீங்கதானே டாக்டர் எங்க எல்லாருக்கும் பயத்தைப் போக்கினீங்க" என்றேன்.

"கைக்கு சார், ஏன் அப்படி நெனச்சீங்க? யாரோட பயத்தையும் நான் போக்கினது இல்ல. பயப்படறவங்க பக்கத்துல உக்காந்தேன். அவ்ளோதான் என்னால முடிஞ்சது."

உமாசங்கர் அவர்களே, பூர்ணா, இதை இத்தனை பேர் முன்னால் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இரங்கல் கூட்டத்தில் இறந்தவரை அஞ்சாத நெஞ்சம் என்று புகழ்வதுதான் வழக்கம். என்னால் அப்படிப் பொய் சொல்ல முடியாது. பூர்ணாவே நேற்று என்னிடம், "அம்மா வாஸ் ஸ்கேர்ட், அங்கிள். அந்தரிகீ தெலியாலி" என்று சொன்னாள். எல்லோருக்கும் தெரியட்டும் என்கிறாள் மகள். ஆம், டாக்டர் ரோகிணி பயந்தார். பயந்துகொண்டே அதற்குப் பிறகும் வந்த புதன்கிழமைகளில், உடம்பு இடம் கொடுத்தவரை, இந்தப் பெஞ்சில் மற்றவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரை நான் மதிப்பது அதற்காகத்தான்.

அவர் வருவது நின்றதும் என்ன ஆயிற்று? பெஞ்ச் போயிற்று. மார்க்கர் முடிவுகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் போயிற்று. இப்போது மற்ற டெஸ்ட் மாதிரியே அதுவும் போனுக்கு வந்துவிடுகிறது. கடைத்தெருவில் இருக்கும்போது வருகிறது, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விழாவில் இருக்கும்போது வருகிறது. புது இரும்பு இருக்கையைப் பார்த்தீர்களா? ஒவ்வொரு இடத்துக்கும் நடுவில் கைப்பிடி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அதில் யாரும் யாருக்காகவும் தள்ளி உட்கார முடியாது.

அதைவிட மோசமான ஒன்று நடந்திருக்கிறது. அம்மணி அவர்கள் இரண்டு முறையாக டெஸ்டுக்கு வரவில்லை. டாக்டர் ஃபெலிக்ஸிடமும் போகவில்லை. பெஞ்சை ஏற்ற வந்த சின்னசாமிதான் என்னிடம் சொன்னார், சொல்லும்போது டெம்போ கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் நேற்று பட்டறைக்குப் போனேன்.

"வேண்டாமுங்க சந்தானம் சார்" என்றார் அம்மணி. "டாக்டரம்மாவுக்கே காட்டாதது எனக்கு என்னத்தக் காட்டப்போவுது? காட்டினாலும் பக்கத்துல உக்கார யாருங்க இருக்கறாங்க? தனியா அந்தத் துண்டுக் காயிதத்தப் பாக்கற தைரியம் எனக்கு இல்லீங்க."

நான் பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன். பதில் தெரியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இப்போது சொல்கிறேன்.

ஆரம்பத்தில் என் குரல் நடுங்குகிறது என்றேன் அல்லவா? எங்கள் மார்க்கர் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு எப்போதும் இரண்டு, இரண்டரை. போன தடவை ஏழு. சிகரெட் என் வாழ்க்கையிலேயே கிடையாது. டாக்டர் படுக்கையில் இருந்தார். அந்த நிலையிலும் உமாசங்கர் என் காகிதத்தை அவரிடம் காட்டினாராம். எனக்குச் சொல்லி அனுப்பினார். "ஒரு தடவை ஏறினதை வச்சு முடிவு கட்டாதீங்க. கொஞ்ச நாள் விட்டு, அதே லேப்ல திரும்ப எடுங்க. திரும்பவும் ஏறி இருந்தா உடனே ஸ்கேன். இல்லைன்னா டீ." அவர் எனக்கு அனுப்பிய கடைசிச் சேதி அது. மறுபடி எடுப்பதற்குள் அவர் போய்விட்டார்.

நேற்று ரத்தம் கொடுத்தேன். தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் தெரிந்தது, அதற்குமேல் திறக்கவில்லை. இப்போதும் பையில்தான் இருக்கிறது. நான் உங்களிடம் பேசுகிற இவ்வளவு நேரமும் அது என் நெஞ்சின் மேல்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுபது வயதாகிறது, பேரன் பேத்தி பார்த்தாயிற்று, இனி என்ன என்று வெளியே சொல்வேன். உள்ளே அப்படி இல்லை. இருக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

டாக்டர் ஃபெலிக்ஸ் அவர்களே, உங்களிடம் இந்தச் சபையின் சார்பில் கேட்கிறேன். மார்க்கர் முடிவைப் போனில் அனுப்புவதை நிறுத்த வேண்டும். பழையபடி புதன்கிழமை கையில் கொடுக்க வேண்டும். செய்வீர்களா? தலையசைக்கிறார். தலைவர் அவர்களே, பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா. இந்தப் பெஞ்ச் இன்றிரவே பழைய இடத்துக்குப் போகும், இரும்பு இருக்கை வேறெங்காவது போகட்டும். சின்னசாமி டெம்போவைக் கிளப்பத் தயாராக இருக்கிறார். குட்டைக் காலுக்கு நல்ல மரத்தில் முட்டு வைத்துத் தருவதாகத் தியாகு சொல்லியிருக்கிறான், டிரில்லிங் மெஷின் அவனிடம்தான் இருக்கிறது.

எண்ணின் அர்த்தத்தை நாங்கள் சொல்லமாட்டோம். அது டாக்டர்களின் வேலை, அதைச் சௌம்யாவும் டாக்டர் ஃபெலிக்ஸும் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் உட்காருவோம். கண்காணிப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு புதன்கிழமை வந்து இன்னொருவர் பக்கத்தில் உட்காருவோம். டாக்டர் ரோகிணி தனியாளாகச் செய்ததை நாம் இத்தனை பேர் சேர்ந்தாவது செய்ய முடியாதா? அவருக்குப் படம் திறந்தோம், மாலை போட்டோம், ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். அவருக்குச் செய்ய வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். பயந்தவர் யாரும் இனி தனியாக அந்த எண்ணைப் பார்க்கக் கூடாது. இந்த உறுதியை அவர் படத்தின் முன்னால் எடுத்துக்கொள்கிறேன். உங்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அம்மணி, பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள் என்று நேற்று கேட்டீர்கள். இன்றைக்கும் புதன்கிழமைதான். சௌம்யா சீருடையோடு வந்திருக்கிறார், பரிசோதனைக் கூடம் இன்னும் திறந்திருக்கிறது, கூட்டம் முடிந்ததும் நீங்கள் கையை நீட்டினால் போதும். அடுத்த புதன்கிழமை உங்கள் காகிதம் பிரியும்போது நான் பக்கத்தில் இருப்பேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். என் போனைத் திறக்க வேண்டும். என்னால் தனியாக முடியவில்லை.

நான் மேடையை விட்டு இறங்கி வருகிறேன்.

அம்மணி, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.